ஜிப்புக்கு வைத்த மெழுகு

அந்த முற்பகலில் வீட்டில் இருந்தவர்கள்: அப்பா, பட்டறையில் கடைசல் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர், கைக்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்காதவர். அம்மா, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை, அன்று விடுமுறை. அக்கா, ரயிலில் டிக்கெட் பரிசோதகர், அதாவது அன்று மதியத்திலிருந்து. மேல்மாடிக்காரர், சோப்புக் கம்பெனி விற்பனையாளர், பையில் எந்நேரமும் மாதிரிப் பாக்கெட்டுகள் இருப்பதால் கட்டடம் முழுக்க அவருக்கு சாம்பிள் என்று பெயர். அவர் ஆரம்பத்தில் இல்லை, சத்தம் கேட்டு இறங்கி வந்தார். பிறகு நான். அக்காவின் சீருடைக் கோட்டையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம். எங்களில் அதிகம் அடிபட்டது அதுதான்.

கருநீலக் கம்பளிக் கோட்டு. டிப்போ உடுப்பு அறையிலிருந்து கொடுத்தது. புதியது அல்ல, யாரோ போட்டுக் கழற்றியது. உள்ளே காலரில் பழைய ஆளின் எண் அழிந்தும் அழியாமலும் இருந்தது. முன்பக்கம் பித்தளை ஜிப். வேலைக்கு ஏறும்போது அதைக் கழுத்து வரைக்கும் ஏற்றியிருக்க வேண்டும் என்பது விதி. டிப்போ வாசலில் உடுப்பு பார்க்க ஒரு அம்மா நிற்பார். அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். கறை, கசங்கல், பொத்தான் குறைவு, எது இருந்தாலும் ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டு, காத்திருக்கும் அடுத்த ஆளை ஏற்றிவிடுவார். திரும்பிப் போனவர்களை மறுபடி கூப்பிடும் வழக்கம் அங்கே இல்லை. அக்கா அப்படி யாரோ திரும்பிப் போனதால்தான் கூப்பிடப்பட்டவள்.

எனக்கும் இதில் பங்கு உண்டு. கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். அதன் பிறகு குளிர்கிடங்கில் இரவு வேலை, அதையும் விட்டுவிட்டேன். இரவு முழுக்க உறைந்த பெட்டிகளை இங்கிருந்து அங்கே தள்ளிவிட்டு, விடிந்ததும் ஊரே எழுந்திருக்கும்போது போய்ப் படுப்பது ஒரு பிழைப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அப்பா ஏற்கெனவே கிடங்கு மேற்பார்வையாளரிடம் பேசி வைத்திருந்தார். அக்காவுக்கு இது அமைந்தால் நான் வேறு ஏதாவது தேடிக்கொள்ளலாம். அமையாவிட்டால் திரும்ப அங்கேதான். ஆகவே அந்தக் கோட்டு சுத்தமாக வெளியே போக வேண்டும் என்று நான் துடித்ததைத் தம்பிப் பாசம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அக்கா குளித்து, தலை வாரி, கோட்டை மாட்டி, ஜிப்பை இழுத்தாள். அது மார்பு வரை வந்து நின்றுகொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"இதுக்கா இந்த முழி முழிக்கறே? மெழுகுவத்திய தேய்ச்சா வழுக்கிட்டுப் போயிடும்," என்றார் அப்பா.

இது சரியான யோசனை. யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளை மெழுகுவத்தியை எடுத்துப் பற்களின் மேல் தேய்த்தார். ஜிப் விரல்கடை அளவு நகர்ந்து மறுபடி நின்றது. வேறு யாராக இருந்தாலும் இன்னும் கொஞ்சம் தேய்த்திருப்பார்கள். அப்பா தீப்பெட்டியை எடுத்தார்.

"எதுக்குப்பா நெருப்பு?"

"மேல தடவினா மேலதாம்மா நிக்கும். மெஷின்ல எண்ணெய் விடறப்ப எப்படி விடுவோம்? உள்ள இறங்கற மாதிரி விடணும். உருக்கி ரெண்டு சொட்டு விட்டா அப்புறம் பாரு."

"அப்ப கழட்டிக் குடுத்துடறேன்."

"கழட்டினா பல்லு கோணிக்கும். நீ ஆடாம நில்லு, அது போதும்."

நான் அப்போது சோபாவில் படுத்திருந்தேன். வேலையை விட்ட பிறகும் பகல் தூக்கம் என்னை விடவில்லை. "அப்பா, வேணாம்," என்று சொன்னேன். எழுந்து போய்ச் சொல்லவில்லை, படுத்தபடி சொன்னேன். படுத்திருப்பவன் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மதிப்பு கிடையாது.

முதல் சொட்டு சரியாகப் பல்லில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அப்பா நிமிர்ந்து எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். அந்த நேரத்தில் சுடர் அக்காவின் தாடைக்குக் கீழே வந்துவிட்டது. "என் முடி, என் முடி!" என்று அவள் பின்னால் துள்ளினாள். அப்பாவின் கை அவளைத் துரத்திக்கொண்டு போனது. திரியைச் சுற்றி உருகித் தேங்கியிருந்தது அத்தனையும் ஒரே வீச்சில் கோட்டின் மேல் கொட்டியது. மார்பிலிருந்து பை வரைக்கும் ஒரு வெள்ளை வாய்க்கால், அதன் முடிவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குட்டை.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

அக்கா கோட்டைத் தலைவழியாக உருவினாள். வாரிய தலை கலைந்து நாலாபக்கமும் நின்றது. அப்பா குட்டையின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். மெழுகு அப்போது இன்னும் இளகலாக இருந்தது. உள்ளங்கை அகலம் இரண்டு உள்ளங்கை ஆனது.

"அப்பா, தேய்க்காதீங்க!"

"தேய்க்காம? பார்த்துக்கிட்டே இருந்தா போயிடுமா?"

அதற்குள் அம்மா சமையலறையில் பெரிய பாத்திரத்தில் தண்ணீரை அடுப்பில் ஏற்றிவிட்டாள். அம்மாவுக்கு உலகத்தில் எந்தக் கறைக்கும் ஒரே மருந்துதான், கொதிக்கிற தண்ணீர். சலவைக்கூடத்தில் வருவதெல்லாம் பருத்தித் துணிகள். ரத்தம், சீழ், மருந்து எதுவாக இருந்தாலும் அந்த ராட்சத டிரம்மில் போட்டு வேகவைத்து வெள்ளையாக எடுப்பார்கள். அதே கையோடு வீட்டுக்கு வந்து ஒரு முறை என் கம்பளிச் சட்டையையும் வேகவைத்தாள். அது வெளியே வந்தபோது ஒரு பொம்மைக்குச் சரியாக இருந்திருக்கும்.

"அம்மா, அடுப்ப அணை."

"மெழுகுன்னா உருகணும். உருகணும்னா சூடு வேணும். இது கூடவா தெரியாது?"

"கம்பளிம்மா இது. என் சட்டைக்கு என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா?"

"அது கம்பளியே இல்ல, கலப்படம்."

"கலப்படம்னா சுருங்கியே இருக்காதும்மா!"

"உனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சவன்தான் ஒவ்வொரு வேலையா விட்டுட்டு வந்து சோபாவுல கிடக்கறே."

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்லி முடிக்கும்போது அக்காவின் ரயில் போயிருக்கும். அடுப்பை நானே அணைத்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் அப்பா கையில் சவரக் கத்தி. குட்டையின் ஓரத்தைப் பிளந்து தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மெழுகோடு சேர்ந்து கம்பளியின் முடியும் வந்தது. அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா. நீங்க சும்மா இருங்க. இன்னிக்கு எனக்கு நீங்க பண்ற பெரிய உதவி அதுதான்."

"நான் என்ன வேணும்னா ஊத்தினேன்?"

"வேணும்னு ஊத்தியிருந்தாகூட இவ்வளவு கச்சிதமா ஊத்தியிருக்க முடியாது."

"நல்ல மெழுகு," என்றார் அப்பா, கத்தியை மடக்கிக்கொண்டே. "மட்டமான மெழுகா இருந்தா இப்படிப் பிடிக்காது."

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. சாம்பிள். உள்ளே வருவதற்கு முன்பே பையைத் திறந்துவிட்டிருந்தார்.

"என்னண்ணே சத்தம்? மேல வரைக்கும் கேக்குது. ஓ, மெழுகா? கம்பளியா? அக்கா, கவலையே படாதீங்க, நம்ம கம்பெனில இதுக்குன்னே ஒன்னு வந்திருக்கு."

"எதுக்குன்னே?" என்று கேட்டேன்.

"கறைக்குன்னே, தம்பி."

"மெழுகுக் கறைக்கா?"

"கறைன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கான். எந்தக் கறைன்னு நாம ஏன் குறுக்கணும்?"

நான் தடுப்பதற்குள் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கிழித்துப் பிதுக்கிவிட்டார். அம்மா ஈரத்துணியால் தேய்த்தாள். கோட்டு நுரைத்தது. எலுமிச்சை வாசம் வீடு முழுக்கப் பரவியது. துடைத்துப் பார்த்தால் மெழுகு அப்படியே இருந்தது, முன்பைவிடப் பளிச்சென்று. சுற்றிலும் ஈர வளையம் வேறு.

"மெழுகையே கழுவி விட்டிருக்கு பாருங்க," என்றாள் அக்கா. அவள் குரல் உடைந்துகொண்டிருந்தது. அவள் அழுதால் முகம் வீங்கும், பூதக்கண்ணாடி முகத்தையும் பார்ப்பார்.

நான் கோட்டைப் பறித்துக்கொண்டேன். உண்மையிலேயே பறித்தேன், சாம்பிள் கையில் ஒரு ஓரம் இருந்தது.

"எல்லாரும் கைய எடுங்க. இதுக்கு முதல்ல சூடு வேணாம், குளிர் வேணும்."

"வந்துட்டான்டா," என்றார் அப்பா.

குளிர்கிடங்கில் நான் கற்றுக்கொண்டது அதிகம் இல்லை. ஒன்று தெரியும். பெட்டிகளில் சிலவற்றுக்கு மெழுகு பூசியிருப்பார்கள். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் அந்தப் பூச்சு கண்ணாடி மாதிரி ஆகிவிடும், பெட்டியை லேசாக வளைத்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அந்தச் சில்லுகளைக் கூட்டிப் பெருக்குவதும் என் வேலையாக இருந்தது. அதனால் மறக்கவில்லை.

ஈரத்தை ஒற்றியெடுத்து, மெழுகு பட்ட பக்கத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றினேன். எங்கள் ஃபிரிட்ஜின் உறைபெட்டி ஒரு தலையணை அளவு. அதில் பாதிக்குப் பனிக்கட்டி, மீதிக்கு மீன். மீனை அம்மா கையில் கொடுத்தேன். கோட்டின் முன்பக்கம் மட்டும்தான் உள்ளே போனது. மீதி உடம்பும் கைகளும் வெளியே தொங்கின, யாரோ ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டு எதையோ தேடுகிற மாதிரி. கதவு மூடவில்லை. நான் முதுகைக் கொடுத்து அழுத்திக்கொண்டு நின்றேன்.

"என் மீனு?" என்றாள் அம்மா.

"பிடிச்சுக்கோம்மா. கொஞ்ச நேரம்."

"கோட்டுல மீன் நாத்தம் வந்தா?"

"எலுமிச்சை வாசம் அடிக்குதே, சரியாப் போயிடும்," என்றார் சாம்பிள். யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினேன்.

அப்பாவால் சும்மா நிற்க முடியவில்லை. ஆச்சா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். ஒரு நடை நடந்துவிட்டு வந்து, திறந்து பார்த்தால்தானே தெரியும் என்றார். திறந்தால் குளிர் போய்விடும் என்றேன். இன்னொரு நடை நடந்தார். நான் அக்காவின் பக்கம் திரும்பிய நேரத்தில், என் தோளுக்கு மேல் கையை விட்டுக் கதவை இழுத்தார்.

"அப்பா!"

"தொட்டுப் பார்த்தேன்டா. இன்னும் இறுகல."

"நீங்க தொடறதாலதான் இறுகல!"

அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஒரு ஆயுள் முழுக்க இரும்பைத் திருப்பிக்கொண்டிருந்த கைகள் அவை. அவற்றுக்கு வேலை இல்லாமல் போனதிலிருந்து எங்கள் வீட்டில் கடிகாரம், குழாய், கதவுத் தாழ்ப்பாள் எதுவும் நிம்மதியாக இருந்ததில்லை. அவர் மேல் பரிதாபம் வந்ததா என்றால், இல்லை. எனக்கு முதுகு உறைந்துகொண்டிருந்தது.

அக்கா தலையை மறுபடி வாரினாள். சீப்பு சிக்கும் ஒவ்வொரு முறையும் அவள் அப்பாவைப் பார்த்தாள்.

வெளியே எடுத்தபோது மெழுகு வெளுத்து, கெட்டித்து, ஓரங்கள் தூக்கிக்கொண்டிருந்தன. துணியை அடியிலிருந்து மடக்கினேன். படீர் என்று குட்டையின் நடுவே விரிசல் விட்டது. வாய்க்கால் துண்டு துண்டாகத் தரையில் உதிர்ந்தது. மிச்சத்தை ஒரு கரண்டியின் விளிம்பால், முடி படிந்திருக்கும் திசையிலேயே, நெம்பி எடுத்தேன். அப்பா எழுந்து வந்து குனிந்து பார்த்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"போயிடுச்சே!" என்றாள் அக்கா.

போகவில்லை. மேலே இருந்தது போயிற்று. நூலுக்குள் இறங்கியது அங்கேயே இருந்தது. விளக்கெண்ணெய் சிந்திய மாதிரி ஒரு கறுத்த திட்டு. அப்பா கட்டைவிரலால் தேய்த்து உள்ளே அனுப்பியதுதான் அதில் முக்கால்வாசி.

"இப்பதான் சூடு," என்றேன். "இஸ்திரிப் பெட்டி. இடையில காகிதம் வெச்சா மெழுகு உருகிக் காகிதத்துல ஏறிக்கும்."

"இதைத்தானே நான் முதல்லயே சொன்னேன்? சூடுன்னு?" என்றாள் அம்மா, மீனும் கையுமாக.

அப்பா செய்தித்தாளை நீட்டினார். அச்சு மை துணியில் இறங்கும், அச்சடிக்காத காகிதம்தான் வேண்டும். எங்கள் வீட்டில் அச்சடிக்காத காகிதம் கிடையாது. அந்த நேரத்தில் சாம்பிள் மாடி ஏறிப் போய், தன் சோப்புப் பெட்டிகளுக்குள் விரிக்கும் பழுப்புக் காகிதத்தை ஒரு கட்டு கொண்டுவந்தார். அன்று அவர் கொண்டுவந்ததிலேயே விளம்பரம் இல்லாத பொருள் அதுதான், உருப்படியானதும் அதுதான்.

இஸ்திரிப் பெட்டியில் வேறு ஒரு தொல்லை. அதன் திருகு முழுச் சூட்டில் சிக்கிக்கொண்டிருந்தது. அதை ஒரு முறை அப்பா ரிப்பேர் செய்திருந்தார். அப்படியே வைத்தால் கம்பளி கருகும். நான் பிளக்கைச் செருகி எடுத்தேன். போதுமா, அதிகமா என்று தெரியவில்லை. அம்மா மீனை என் கக்கத்தில் இடுக்கிவிட்டு, ஈர விரலால் அடித்தட்டைத் தொட்டு ஓசையைக் கேட்டாள்.

"அதிகம். பொறு."

பொறுத்தோம். மறுபடி தொட்டாள்.

"இப்ப சரி. விடு, நான் வெக்கறேன்."

"இழுக்காதம்மா, வெச்சு எடு."

"எனக்கே சொல்லித் தர்றியா? எத்தனை டாக்டர் கோட்டு பார்த்திருக்கேன்."

காகிதத்தை வைத்தோம். அம்மா பெட்டியை வைத்து எடுத்தாள். பழுப்புக் காகிதத்தில் ஒரு பொட்டு இருண்டு பரவியது, எண்ணெய் பட்ட மாதிரி. காகிதத்தை நகர்த்தினோம், இன்னொரு பொட்டு வந்தது. புதிய காகிதம் வைத்தோம். ஆறினால் பிளக், சுட்டால் காத்திருப்பு. அதற்கிடையில் நான் காகிதத்தை நகர்த்துவது தாமதம் என்று அவளும், அவள் அழுத்துவது அதிகம் என்று நானும். ஜிப்பின் ஓரத்தில் இருந்த மெழுகையும் அப்படியே உறிஞ்சி எடுத்தோம். பொட்டுகள் சிறுத்துக்கொண்டே வந்து, கடைசிக் காகிதம் சுத்தமாக வந்தது.

திட்டு மறைந்திருந்தது. ஆனால் அந்த இடத்தில் ஒரு மினுமினுப்பு. அம்மா ஈரத்துணியால் ஒற்றி, துணி பிரஷ்ஷால் முடியை எழுப்பிவிட்டாள். பாதி மினுமினுப்பு அடங்கியது. மீதி அடங்கவில்லை.

"சாஞ்சு பார்த்தாதான் தெரியுது," என்றார் சாம்பிள்.

"அந்தம்மா சாஞ்சுதான் பார்ப்பாங்க," என்றாள் அக்கா. "ஜன்னல் பக்கம் இழுத்துட்டுப் போய்ப் பார்ப்பாங்களாம்."

"டிக்கெட் பையோட பட்டைய இந்தப் பக்கமா மாட்டிக்கோ, மறைஞ்சிடும்," என்றேன்.

"பட்டை அந்தப் பக்கம்தான் இருக்கணும். அதுக்கும் விதி இருக்கு."

இனி செய்ய ஒன்றும் இல்லை. எவ்வளவோ செய்த பிறகும் கறை இருந்ததா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தோம். இதற்குப் பதில் கறையாகவே இருந்திருந்தால் அவள் வீட்டில் உட்கார்ந்து அழவாவது செய்திருக்கலாம்.

அக்கா கோட்டை மாட்டிக்கொண்டாள். ஜிப்பைப் பிடித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. துணியிலிருந்து மட்டுமா மெழுகை எடுத்தோம்? பற்களிலிருந்தும் துடைத்து எடுத்துவிட்டோம். அது இப்போது காலையில் இருந்ததைவிட வறண்டு கிடந்தது.

"மெதுவா," என்றேன்.

மெதுவாக இழுக்கும் நிலையில் அவள் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. கரகரவென்று பல்லைக் கடித்துக்கொண்டு ஜிப் ஏறியது, மார்பைத் தாண்டி, தொண்டைக்குழியைத் தாண்டி, காலரின் உச்சியில் போய் உட்கார்ந்தது. கழுத்து வரைக்கும், விதிப்படி. அக்கா முகத்தில் அன்று முதல் முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. சரிபார்க்க ஒரு தடவை கீழே இறக்கிப் பார்த்தாள். இறங்கவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். உள் துணி கவ்விக்கொண்டிருந்தது. அசையவில்லை.

"சிக்கிக்கிச்சு," என்றாள்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் கைகள் பின்னாலிருந்து முன்னால் வந்துவிட்டிருந்தன.

"யாரும் கிட்ட வராதீங்க," என்றாள் அக்கா. பையை எடுத்தாள், விதி சொன்ன பக்கம் மாட்டினாள். "மேல ஏறணும்னுதானே விதி? ஏறிடுச்சு. இறங்கணும்னு எந்த விதியும் இல்ல."

"வண்டிக்குள்ள புழுங்குமே," என்றாள் அம்மா.

"புழுங்கட்டும்."

"ராத்திரி வந்து எப்படிக் கழட்டுவே?"

"கழட்டாமலே தூங்கறேன். நாளைக்கும் இதைத்தானே போடணும்?"

அவள் என் பக்கம் திரும்பினாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன்.

"மீன் ஒழுகுது பாரு உன் சட்டையில," என்றாள். படி இறங்கிவிட்டாள். சாம்பிள் அவளுக்கு வழிவிட்டு, மாடிக்கு ஏறிப் போனார்.

அப்பா மேசை மேல் கிடந்த மெழுகுவத்தியை எடுத்தது எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கும் தெரிந்தது.

"எங்க போறீங்க?"

"ஒரு நிமிஷம். படிக்கட்டுலயே நிறுத்தி, மேல் பல்லுல மட்டும் லேசா... நெருப்பு இல்லாம. சும்மா தேய்ச்சுவிட்டு வந்துடறேன். அவ நாள் முழுக்க எப்படி அப்படியே..."

"அதைக் கீழ வைங்க."

"தேய்க்கிறது சரிதான்டி. உருக்கினதுதான் தப்பு. எனக்கு அது தெரியாதா?"

கீழே இரண்டாவது வளைவில் அக்காவின் காலடிச் சத்தம் நின்றது. கேட்டிருக்கிறாள். அப்புறம் சத்தம் முன்பைவிட வேகமாக இறங்கியது.

"டேய், கதவைச் சாத்துடா!" கீழிருந்து அவள் குரல்.

அப்பாவின் ஒரு கால் வாசற்படிக்கு வெளியே இருந்தது. அம்மா அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து உள்ளே இழுத்தாள். நான் கதவைச் சாத்தினேன். அவர் தாழ்ப்பாளின் மேல் கை வைத்தார். அந்தக் கையை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, சாவியைத் திருப்பிப் பூட்டினேன்.